வேதிச் சமன்பாட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நீர். இதைச் சமன்படுத்தச் சொன்னால், புதிதாகப் படிக்கிறவர்கள் பலர் வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறதே என்று எச்₂ஓ என்பதை எச்₂ஓ₂ என்று திருத்திவிடுவார்கள். எண்ணிக்கை உடனே சரியாகிவிடும்: இரு பக்கமும் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். ஆனால் அவர்கள் எழுதியது நீரே இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு, அதாவது வெளுப்பதற்கும் கிருமி நீக்கவும் பயன்படும் வேறொரு பொருள். கணக்குச் சரி, பொருள் தவறு.

சமன்படுத்துதலைக் கட்டம் நிரப்பும் புதிர்போலச் சொல்லிக்கொடுப்பதால் வரும் வினை இது. எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது பிடிபட்டுவிட்டால், ஒரு சமன்பாட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. குறியீடுகளை ஒலிக்கிறபடி தமிழிலேயே தருகிறோம்: சி என்றால் கார்பன், எச் ஹைட்ரஜன், ஓ ஆக்சிஜன், என் நைட்ரஜன். உலோகங்களையும் சல்பேட் போன்ற தொகுதிகளையும் பெயராலேயே எழுதியிருக்கிறோம்.

## எழுத்து மாறாமல் சொல் மாறுவது

நகரம் என்ற சொல்லில் நான்கு எழுத்துகள். நடுவில் உள்ள இரண்டையும் இடம் மாற்றினால் நரகம். புதிதாக ஓர் எழுத்து வரவில்லை, இருந்த எழுத்து எதுவும் தொலையவில்லை. ஆனால் சொல்லும் பொருளும் முற்றிலும் வேறு (போக்குவரத்து நெரிசலில் நிற்பவர்கள் மறுக்கலாம்).

வேதிவினையும் இதுதான். அணுவை எழுத்து என்று வைத்துக்கொண்டால், அணுக்கள் சில பிணைந்து நிற்கும் மூலக்கூறு ஒரு சொல். வினை நடக்கும்போது அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்புகள் அறுகின்றன, புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. அணுக்கள் அதே அணுக்கள்தான். வினைக்குள் நுழையும் பொருள்களை வினைபடு பொருள்கள் என்கிறோம். அம்புக்குறிக்கு இடப்பக்கம் எழுதுவோம். வெளியே வருபவை வினைவிளை பொருள்கள், வலப்பக்கம்.

இந்த ஒப்புமையை அதிகம் இழுக்கவும் கூடாது. தமிழ்ச் சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் உண்டு. மரமும் கிளையும் மரக்கிளை ஆகும்போது ஒரு மகர மெய் கெடுகிறது, ஒரு ககர மெய் தோன்றுகிறது. வேதிவினையில் அணுவுக்கு இந்த மூன்றும் கிடையாது. தோன்றாது, வேறொன்றாகத் திரியாது, கெடாது. (அணுவே திரிவது அணுக்கரு வினையில். அது வேறு கதை.)

இதன் நேர் விளைவுதான் நிறை அழியா விதி: வினைக்கு முன்னிருந்த மொத்த நிறையும் பின்னிருக்கும் மொத்த நிறையும் சமம். காகிதம் எரிந்து ஒரு பிடி சாம்பல்தானே மிஞ்சுகிறது என்று கேட்கத் தோன்றும். காகிதத்தின் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் காற்றில் போய்விட்டது; அவற்றையும் பிடித்து எடைபோட்டு, எரியும்போது காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜனையும் கணக்கில் எடுத்தால் கணக்கு நேராகும். இரும்புப் பஞ்சை எரித்தால் எதிர்மாறாக நடக்கும். எரிந்தபின் அதன் எடை கூடியிருக்கும், காற்றிலிருந்த ஆக்சிஜன் வந்து ஒட்டியிருப்பதால். பிரான்ஸைச் சேர்ந்த அந்துவான் லவாய்சியர் 1770-களில் வெள்ளீயத்தை மூடி முத்திரையிட்ட கலத்தில் சூடாக்கி, கலத்தைத் திறக்காத வரை மொத்த எடை மாறுவதில்லை என்று காட்டினார். திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது. எடை கூடியது அப்போதுதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: அணுக்களின் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், தனிமம் (ஒரே வகை அணுவால் ஆன பொருள்) வாரியாக. மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

## இரண்டு வகை எண்கள்

3எச்₂ஓ என்று எழுதினால் அதில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அடியில் சிறியதாக இருக்கும் 2 கீழெண். ஒரு நீர் மூலக்கூறுக்குள் இரண்டு ஹைட்ரஜன் அணு என்கிறது அது. முன்னால் நிற்கும் 3 கெழு. அப்படிப்பட்ட மூலக்கூறுகள் மூன்று என்று பொருள். ஆக மொத்தம் ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 3. கெழு, தனக்குப் பின்னால் வரும் வாய்ப்பாடு (எச்₂ஓ போன்ற குறியீட்டுத் தொடர்) முழுவதையும் பெருக்கும். முதல் எழுத்தை மட்டும் பெருக்கி விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

கீழெண் பொருளின் அடையாளம். அதைத் தொட்டால் பொருளே மாறிவிடும். கெழு அளவு மட்டும். சமன்படுத்தும்போது கை வைக்க அனுமதி உள்ள ஒரே இடம் கெழு. எத்தனை மூலக்கூறு வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது, மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது நம் கையில் இல்லை.

## பெட்டியில் வரும் மூன்று சக்கர வண்டி

ஒரு சட்டமும் மூன்று சக்கரமும் சேர்ந்தால் ஒரு மூன்று சக்கர வண்டி. சட்டங்களும் சரி, சக்கரங்களும் சரி, இரண்டிரண்டாகப் பெட்டியில் அடைத்துத்தான் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எதுவும் மிஞ்சாமல் வண்டி கட்ட எத்தனை பெட்டி வாங்க வேண்டும்?

சட்டப் பெட்டி ஒன்று வாங்கினால் இரண்டு சட்டம். அவற்றுக்கு ஆறு சக்கரம் வேண்டும். அது மூன்று பெட்டி. கிடைப்பது இரண்டு வண்டி.

இதில் சட்டத்துக்குப் பதில் நைட்ரஜன், சக்கரத்துக்குப் பதில் ஹைட்ரஜன், வண்டிக்குப் பதில் அம்மோனியா என்று எழுதிப் பாருங்கள்:

என்₂ + 3எச்₂ → 2என்எச்₃

இரு பக்கமும் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 6. நான்கு மூலக்கூறுகள் உள்ளே போய் இரண்டுதான் வெளியே வருகின்றன, ஆனாலும் அணு ஒன்றுகூடக் குறையவில்லை. நான்கு பெட்டி இரண்டு வண்டியானதில் ஏதும் தொலைந்ததா என்ன?

பெட்டி என்பது வெறும் கற்பனையும் இல்லை. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழு தனிமங்களும் தனியாக இருக்கும்போது இரட்டை அணுக்களாகவே இருக்கும். இவற்றை ஒற்றை அணுவாக எழுதித் தொடங்கினால் சமன்பாடு எளிதாகவே முடிந்துவிடும், தவறாக. இந்த ஏழையும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. வேதியியலில் மனப்பாடம் உண்மையிலேயே உதவும் சில இடங்களில் இதுவும் ஒன்று.

## மீத்தேனில் கை பழகுவது

மீத்தேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் வரும். முதலில் கெழு இல்லாமல் எழுதிக்கொள்வோம்:

சிஎச்₄ + ஓ₂ → சிஓ₂ + எச்₂ஓ

எந்தத் தனிமத்தில் தொடங்குவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு பொருளில் மட்டும் வரும் தனிமத்தை முதலில் எடுங்கள். தனியாக நிற்கும் தனிமத்தை, இங்கே ஆக்சிஜனை, கடைசிக்கு வையுங்கள். காரணம் எளிது. ஓ₂-வின் கெழுவை மாற்றினால் ஆக்சிஜன் கணக்கு மட்டும்தான் மாறும். ஏற்கெனவே சரிசெய்த எதுவும் கலையாது. ஆக்சிஜனில் தொடங்கினால் ஒன்றைச் சரிசெய்யும்போதெல்லாம் இன்னொன்று குலைந்துகொண்டே இருக்கும்.

கார்பன்: இரு பக்கமும் 1. விட்டுவிடலாம். ஹைட்ரஜன்: இடப்பக்கம் 4, வலப்பக்கம் 2. நீருக்கு முன் 2 போட வேண்டும். இப்போது வலப்பக்க ஆக்சிஜனை எண்ணுங்கள்: கார்பன் டை ஆக்சைடில் 2, இரண்டு நீரில் 2, மொத்தம் 4. இடப்பக்கம் ஓ₂-வுக்கு முன் 2.

சிஎச்₄ + 2ஓ₂ → சிஓ₂ + 2எச்₂ஓ

முடித்தபின் முதலிலிருந்து ஒரு முறை எண்ணுவதைத் தவிர்க்க வேண்டாம். கார்பன் 1, 1. ஹைட்ரஜன் 4, 4. ஆக்சிஜன் 4, 4.

## அரை வந்தால் பயப்பட வேண்டாம்

ஈத்தேன், சி₂எச்₆, எரிவதை இதே வழியில் செய்தால் 2சிஓ₂, 3எச்₂ஓ வரை சிக்கல் இல்லை. வலப்பக்க ஆக்சிஜன் 4 + 3 = 7. ஓ₂ என்பதோ இரண்டிரண்டாக வருவது, மூன்றரை வேண்டும். பலர் இங்கேதான் அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். தேவையே இல்லை. மூன்றரை என்றே எழுதிவிட்டு, எல்லாக் கெழுக்களையும் இரண்டால் பெருக்குங்கள்:

2சி₂எச்₆ + 7ஓ₂ → 4சிஓ₂ + 6எச்₂ஓ

கார்பன் 4, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 14, இரு பக்கமும்.

இரும்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து இரும்பு₂ஓ₃ ஆவதிலும் இதே இழுபறிதான். ஒரு பக்கம் ஆக்சிஜன் இரண்டிரண்டாக, மறுபக்கம் மும்மூன்றாக. 2, 3 இரண்டுக்கும் பொதுவான சிறிய மடங்கு 6. எனவே மூன்று ஓ₂, இரண்டு ஆக்சைடு. இரும்பு அப்போது நான்கு:

4 இரும்பு + 3ஓ₂ → 2 இரும்பு₂ஓ₃

இறுதியில் கெழுக்கள் எல்லாவற்றுக்கும் பொது வகுஎண் இருந்தால் வகுத்துவிட வேண்டும். 8, 6, 4 என்று விட்டாலும் அணுக்கணக்கு சமன்தான், ஆனால் மிகச் சிறிய முழு எண்களில் எழுதுவதே வழக்கம்.

## கொத்தைக் கலைக்காதீர்கள்

சல்பேட், நைட்ரேட், ஹைட்ராக்சைடு போன்றவை பல அணுக்கள் சேர்ந்து ஒரே கொத்தாக நடமாடுபவை. இரு பக்கமும் கொத்து உடையாமல் இருந்தால், உள்ளே போய் ஒவ்வோர் ஆக்சிஜனாக எண்ணாமல் கொத்தையே ஓர் அலகாக எண்ணலாம். நீரைத் தெளிவிக்கும் நிலையங்களில் பயன்படும் ஒரு வினை:

அலுமினியம்₂(சல்பேட்)₃ + கால்சியம்(ஹைட்ராக்சைடு)₂ → அலுமினியம்(ஹைட்ராக்சைடு)₃ + கால்சியம்(சல்பேட்)

அலுமினியம் இடப்பக்கம் 2. வலப்பக்கம் அதன் ஹைட்ராக்சைடுக்கு முன் 2. சல்பேட் இடப்பக்கம் 3. கால்சியம் சல்பேட்டுக்கு முன் 3. கால்சியம் இப்போது வலப்பக்கம் 3. கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு முன் 3. கடைசியாக ஹைட்ராக்சைடு: இடப்பக்கம் 3 × 2 = 6, வலப்பக்கம் 2 × 3 = 6. தானாகவே பொருந்திவிட்டது. கடைசியாகச் சரிபார்க்கும் தனிமமோ கொத்தோ இப்படித் தானாகப் பொருந்தினால், செய்தது சரி என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

எவ்வளவு முயன்றும் பொருந்தவில்லை என்றால் கெழுவோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு வாய்ப்பாடுகளைப் பாருங்கள். பெரும்பாலும் இணைதிறன் (ஓர் அணு எத்தனை பிணைப்பு கொள்ளும் என்பது) தவறி கீழெண் பிழையாகியிருக்கும், அல்லது விளைபொருள் ஒன்று விட்டுப்போயிருக்கும். ஒரு தனிமம் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்றால் எந்தக் கெழுவாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

## கெழு சொல்வதும் சொல்லாததும்

என்₂ + 3எச்₂ என்பதை ஒரு கிராம் நைட்ரஜனுக்கு மூன்று கிராம் ஹைட்ரஜன் என்று படிப்பது பரவலான தவறு. கெழு எண்ணிக்கையைச் சொல்கிறது, எடையை அல்ல. ஒரு டஜன் பூசணிக்கும் ஒரு டஜன் நெல்லிக்காய்க்கும் எண்ணிக்கை ஒன்று, எடை ஒன்றா? வேதியியலில் டஜனுக்குப் பதில் மோல்: சுமார் 6.022 × 10²³ துகள்கள் கொண்ட ஒரு கூட்டம். ஒரு மோல் நைட்ரஜன் 28 கிராம். மூன்று மோல் ஹைட்ரஜன் 6 கிராம். இரண்டும் சேர்ந்து 34 கிராம் அம்மோனியா. எடையில் பார்த்தால் நைட்ரஜன்தான் பல மடங்கு அதிகம். மீத்தேன் சமன்பாட்டிலும் பாருங்கள்: 16 + 64 கிராம் உள்ளே, 44 + 36 கிராம் வெளியே. இரண்டும் 80.

சமன்பாடு சமனாகிவிட்டதால் வினை நடக்கும் என்றும் அர்த்தமில்லை. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அறை வெப்பநிலையில் கலந்து வைத்தால் ஒன்றும் நடக்காது. ஹேபர், பாஷ் முறையில் இரும்பு வினையூக்கி (வினையை விரைவாக்கும் பொருள்), 400 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம், நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம் எல்லாம் கொடுத்த பிறகே அது தொழிற்சாலை அளவில் சாத்தியமானது. ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலை 1913-இல் தொடங்கியது. அந்தப் பாடு எதுவும் சமன்பாட்டில் தெரியாது.

இதைவிட ஆபத்தான மௌனமும் உண்டு. மீத்தேனுக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் இப்படியும் எரியும்:

2சிஎச்₄ + 3ஓ₂ → 2சிஓ + 4எச்₂ஓ

இதுவும் கச்சிதமாகச் சமன். விளைவதோ நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு, கார்பன் மோனாக்சைடு. இரண்டில் எது நடக்கும் என்பதைத் தாள் சொல்லாது, காற்றோட்டம்தான் சொல்லும்.

சுருக்கமாக: கெழு துகள்களின் விகிதம். நடக்குமா, எவ்வளவு வேகமாக, எந்தச் சூழலில் என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

## வகையை எப்படிக் கண்டுகொள்வது

பொருள்களின் பெயரைப் பார்க்காமல் சமன்பாட்டின் உருவத்தைப் பாருங்கள். பல பொருள்கள் உள்ளே போய் ஒன்று வெளியே வந்தால் சேர்க்கை வினை. மேலே பார்த்த அம்மோனியாவும் இரும்பு ஆக்சைடும் இதில் சேரும். ஒன்று உள்ளே போய்ப் பல வெளியே வந்தால் சிதைவு வினை. பிணைப்பை அறுக்க வேண்டியிருப்பதால் சிதைவுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து ஆற்றல் தேவை. நீரை மின்சாரம் பிரிக்கிறது, வெள்ளி புரோமைடை ஒளியே சிதைக்கிறது. கருப்பு வெள்ளைப் புகைப்படச் சுருள் இயங்கியது இதனால்தான்.

ஒரு தனிமமும் ஒரு சேர்மமும் (பல தனிமங்கள் பிணைந்த பொருள்) உள்ளே போய், வேறொரு தனிமமும் வேறொரு சேர்மமும் வந்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. நீல நிற செம்பு சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் ஆணிமேல் செம்பழுப்பாகச் செம்பு படியும், நீலம் மெல்ல வெளிறும். இரும்பு செம்பை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இரும்பு சல்பேட்டில் செம்புக் கம்பியைப் போட்டால் ஒன்றும் நடக்காது. யார் யாரைத் தள்ள முடியும் என்பதை வினைத்திறன் வரிசை சொல்கிறது: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, காரீயம், ஹைட்ரஜன், செம்பு, வெள்ளி, தங்கம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைத் தள்ளும். செம்பு ஹைட்ரஜனுக்குப் பின்னால் இருப்பதால்தான் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டாலும் வாயு வருவதில்லை, தாளில் சமன்பாடு அழகாக எழுத முடிந்தாலும்.

இரண்டு சேர்மங்கள் துணை மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி. வெள்ளி நைட்ரேட் கரைசலில் உப்புக் கரைசலை ஊற்றினால் வெள்ளி குளோரைடு கரையாமல் வெண்மையாகத் திரண்டு விழும். அப்படி விழும் திடப்பொருள் வீழ்படிவு. இங்கே கவனிக்க வேண்டியது, துணை மாற்றிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும் என்பது. வீழ்படிவோ, வாயுவோ, நீரோ உண்டாகி அயனிகள் கரைசலை விட்டு விலக வேண்டும். (அயனி: மின்சுமை கொண்ட அணு அல்லது கொத்து.) சோடியம் குளோரைடையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் கரைத்துக் கலந்தால் நான்கு அயனிகளும் முன்போலவே மிதந்துகொண்டிருக்கும். வினை இல்லை. அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் தரும் நடுநிலையாக்கல் இந்த வகையின் உட்பிரிவு.

எரிபொருள் ஆக்சிஜனுடன் சேர்ந்து வெப்பமும் ஒளியும் தருவது எரிதல்.

இவற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பெட்டிகளாக நினைப்பதுதான் அடுத்த குழப்பம். மக்னீசியம் நாடா கண்கூசும் ஒளியோடு எரிவது சேர்க்கையும்தான், எரிதலும்தான். கூடவே அது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையும்கூட: ஒன்று எலக்ட்ரானை இழக்கிறது, அது ஆக்சிஜனேற்றம்; மற்றது பெறுகிறது, அது ஒடுக்கம். எளிய அடையாளம், ஒரு பக்கம் தனியாக நின்ற தனிமம் மறுபக்கம் சேர்மத்துக்குள் போயிருப்பது. அதனால் எரிதலும் ஒற்றை இடப்பெயர்ச்சியும் இதில் வந்துவிடும். துணை மட்டும் மாறும் இரட்டை இடப்பெயர்ச்சி பொதுவாக வராது.

## ஒரே கல், நான்கு வினை

சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பும் (கால்சியம் ஆக்சைடு) கார்பன் டை ஆக்சைடும் ஆகும். 100 கிராமுக்கு 56-உம் 44-உம். இது சிதைவு, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் வெப்பக்கொள் வினை. சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகிறது (கால்சியம் ஹைட்ராக்சைடு). இது சேர்க்கை, வெப்ப உமிழ் வினை. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. மக்னீசியம் எரிவதும் சேர்க்கைதான் என்றாலும், இங்கே தனித்து நின்ற தனிமம் எதுவும் இல்லை, எலக்ட்ரான் கைமாறவும் இல்லை; அதனால் இது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை அல்ல.

நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து வடித்த தெளிநீருக்குள் குழாய் வைத்து ஊதினால் பால்போல் கலங்கும்:

கால்சியம்(ஹைட்ராக்சைடு)₂ + சிஓ₂ → கால்சியம் கார்பனேட் + எச்₂ஓ

இது மேலே சொன்ன எந்த உருவத்திலும் நேராக அடங்காது. அமிலத்தன்மை கொண்ட ஓர் ஆக்சைடு காரத்தோடு சேர்ந்து உப்பும் நீரும் தருகிறது. நடுநிலையாக்கலின் உறவினர் என்று சொல்லலாம். இதே கலங்கல் நீரில் விடாமல் ஊதிக்கொண்டிருந்தால் அது மறுபடி தெளிந்துவிடும்:

கால்சியம் கார்பனேட் + எச்₂ஓ + சிஓ₂ → கால்சியம்(எச்சிஓ₃)₂

கரையாத கார்பனேட் கரையும் பைகார்பனேட்டாக மாறிவிட்டது. மூன்று உள்ளே, ஒன்று வெளியே, எனவே சேர்க்கை. கார்பனேட் என்ற கொத்தில் ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன் என்று வைத்து எண்ணிப் பாருங்கள்: கால்சியம் 1, கார்பன் 2, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6. கெழு ஒன்றுகூடப் போட வேண்டியதில்லை.